ஏரி மீட்புக்கு இரண்டு நாள் விழா: ஏரிக்குக் கெடுதல் வராமல் எப்படி நடத்துவது?

மூலக்கடை_வாசி கேட்கிறார்:

வணக்கம். மாதவரம் மண்டலத்தில் எங்கள் பகுதி ஏரியைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகையும், நிரம்பிய நீர் வழிந்தோடும் கலங்கலையும் புதுப்பித்து வேலை முடிந்துவிட்டது. பரப்பு ஏறத்தாழ 30 ஏக்கர். கரை நீளம் 1.4 கிலோமீட்டர், கரையின் மேல் அகலம் 3 மீட்டர். இந்தப் பருவமழையில் ஏரி நிரம்பி உபரிநீர் மறுகால் போனது. சுற்றியுள்ள ஐந்து தெருச் சங்கங்களும் சேர்ந்து தை மாதக் கடைசிச் சனி, ஞாயிறு விழா எடுப்பதாக முடிவு. நாளுக்கு 400 பேர் வரை வருவார்கள்.

இப்போது கையில் இருக்கும் திட்டம்: கரைமேல் பந்தல், 500 மரக்கன்று நடுதல், பரிசல் சவாரி, கட்லா ரோகு மீன்குஞ்சு விடுதல், சனிக்கிழமை மாலை தண்ணீரில் அகல் விளக்கு மிதக்கவிடுதல், அப்புறம் கானா கச்சேரி, இரண்டு நாளும் மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி.

இதில் ஏரிக்குக் கெடுதலானது எது, அதை எப்படி மாற்றலாம்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வருகிறவர்கள் ஏரியைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு போக என்ன வைக்கலாம்? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மதகடி

முதலில் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். சென்னையில் பெரிய ஏரிகள் பலவும் நீர்வளத் துறையிடம், சின்னக் குளங்களும் தாங்கல்களும் பெரும்பாலும் மாநகராட்சியிடம். வேலையைச் செய்தது மாநகராட்சி என்பதாலேயே ஏரி அவர்களுடையது ஆகிவிடாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். பொறுப்புத் துறையின் தடையின்மைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கும், தீயணைப்பு நிலையத்தில் இரண்டு நாள் ஆள் நிறுத்தச் சொல்லியும் மனு கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கேட்டுவரச் சொல்லும். ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 100 பேருக்கு மேல் பொது இடத்தில் கூட்டம் கூட்டினால் குறைந்தது மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அமைப்பாளருடையது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. மண்டல அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கரைமேல் பந்தல் வேண்டவே வேண்டாம். புதிதாக மண் போட்ட கரை இரண்டு மழைக்காலமாவது கண்டால்தான் இறுகும். பந்தல்கால் நட இரண்டடிக் குழி தோண்டி, விழா முடிந்ததும் மேலாக மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அடுத்த மழையில் தண்ணீர் முதலில் இறங்குவது அந்தப் பொத்தலில்தான். சரிவுப் பக்கம் இருந்தால் அங்கிருந்தே அரிப்பு ஆரம்பிக்கும். பந்தலைக் கரைக்கு வெளியே கெட்டித் தரையில் போடுங்கள். குழியே தோண்டாமல் போட வேண்டுமென்றால், மூலைக்கு ஒன்றாக 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பிச் சாமியானாக் கயிற்றை அதில் கட்டுங்கள். முடிந்ததும் அந்தத் தண்ணீர் செடிகளுக்குப் போகட்டும். இரண்டு சக்கர வண்டி கரையில் ஏறாதபடி இரு முனையிலும் தடுப்பு வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் எதிரும் புதிருமாகக் கூட்டம் நடந்தால் ஓரத்தில் போகிறவர் சரிவில் கால் வைப்பார். எல்லோரும் ஒரே திசையில் சுற்றிவரும்படி அம்புக்குறி போடுங்கள்.

பரிசல் சவாரியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். தூர்வாரிய ஏரியில் ஓரத்தில் முழங்கால் ஆழம் தெரியும், இரண்டு எட்டு வைத்தால் பொக்லைன் தோண்டிய பள்ளம் இருக்கும். அடியில் களிமண். கால் புதைந்தால் நீந்தத் தெரிந்தவரும் எழுவது கடினம். பழைய ஏரி ஆழத்தை நினைவில் வைத்து இறங்குகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சவாரி இல்லாவிட்டாலும் கரையோரம் 100 மீட்டருக்கு ஒரு மிதவை வளையமோ காற்றடித்த லாரி டியூபோ, 20 மீட்டர் கயிறு கட்டி, கம்பத்தில் தொங்க வேண்டும். பக்கத்தில் ஒரு நீள மூங்கில். பலகையில் மூன்றே கட்டளை போதும்: கம்பு நீட்டு, கயிறு வீசு, இறங்காதே.

மீன்குஞ்சும் வேண்டாம். ஏரி மீன் குத்தகை, மீன்வளத் துறை அனுமதி என்று ஒரு பக்கம் இருக்கட்டும். பையில் வந்த குஞ்சை வெப்பநிலை ஒத்துவராமல் அப்படியே கொட்டினால் மறுநாள் காலை கரையில் வெள்ளையாக மிதக்கும், விழாவின் இரண்டாம் நாளே. விராலும் கெளுத்தியும் கெண்டையும் வரத்துத் தண்ணீரோடு தானாக வரும். அதற்குப் பதில் வீட்டுத் தொட்டி மீனை இங்கே விடாதீர்கள் என்று ஒரு பெரிய பலகை வையுங்கள். டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அந்த மீன் கரையில் வளை தோண்டும். லட்சக்கணக்கில் செலவு செய்து உயர்த்திய கரையை அடியிலிருந்து பொத்தலாக்குகிற பிராணி அது.

அகல் விளக்கு அழகுதான். ஆனால் எண்ணெயும் தெர்மாகோல் தட்டும் தண்ணீரில் போகும், தை மாதக் காற்று எல்லாவற்றையும் தென்மேற்கு மூலையில் கொண்டுபோய் ஒதுக்கும். கலங்கலின் கல் சுவரிலும் படிகளிலும் வரிசையாக ஏற்றுங்கள். தண்ணீரில் நிழல் விழும்போது அதே காட்சிதான்.

---

தாழைக்கோழி

தேதி நன்றாக அமைந்திருக்கிறது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாளை ஒட்டியே வருகிறது. வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

பறவை நடையைச் சூரியன் உதிக்கும் 6.35 மணிக்கு ஆரம்பித்து 8.15-க்குள் முடியுங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். மேற்குக் கரையில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். குழுவுக்கு 15 பேர், ஒரு வழிகாட்டி, பைனாகுலர் மூன்று பேருக்கு ஒன்றாவது. அடிக்கும் சிவப்பு, மஞ்சள் டீசர்ட் அடித்துக் கொடுக்க யாராவது முன்வந்தால் மண் நிறமோ பச்சையோ கேட்டு வாங்குங்கள்.

கணக்கெடுப்பு கட்டாயம் வையுங்கள். ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுக்கான இபேர்டு செயலியில் ஏற்றினால் அது ஒரு பட்டியல். ஏரியைச் சுற்றி ஆறு இடம் குறித்து, இரண்டு நாளும் அதே இடம் அதே நேரம் எடுங்கள். அடுத்த தையில் திரும்பச் செய்தால் ஒப்பிட முடியும்.

இந்தக் கணக்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தூர்வாரிய ஏரிகளில் ஓரம் முழுக்கக் கிண்ணம் மாதிரிச் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஏரியில் முக்குளிப்பான், சிறிய நீர்க்காகம், நாமக்கோழி பெருகும். எல்லாம் முங்கித் தேடுகிறவை. சேற்றில் நடந்து இரை தேடுகிற நெடுங்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், குருட்டுக்கொக்கு குறையும். இலைமேல் நடக்கும் இலைக்கோழியும் செடி மிச்சம் இருந்தால்தான் வரும். உங்கள் பட்டியலில் முதல் வகை மட்டும் இருந்தால், ஏரியில் ஆழமில்லாத ஓரமேடு இல்லை என்று பொருள். அடுத்த கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒரு பக்கமாவது 1:10 சரிவில் மண்ணைத் தள்ளி, ஓரடிக்கும் குறைவான ஆழமுள்ள பகுதியை உண்டாக்கித் தரச் சொல்லி மனு கொடுக்கலாம். பிள்ளைகள் தவறி விழுந்தாலும் அந்தச் சரிவு உயிர் காக்கும். மதகடி சொன்ன ஆபத்துக்கும் அதுதான் நிரந்தர மருந்து.

கச்சேரி: சாயங்காலம் 5.15-லிருந்து 6.15 வரை கொக்கும் நீர்க்காகமும் அடையும் நேரம். அந்த ஒரு மணி நேரம் மைக், தப்பு மேளம், வெடி, ட்ரோன் எதுவும் கூடாது. அடைய வந்த கூட்டம் ஒருமுறை கலைந்தால் இருட்டில் வேறு இடம் தேடி அலையும். கானாவை 6.30-க்கு மேல், கரையிலிருந்து 200 மீட்டராவது தள்ளி விளையாட்டுத் திடலில் வையுங்கள். பெரிய பாக்ஸ் இரண்டுக்குப் பதில் சின்ன ஒலிபெருக்கி எட்டை ஆள் உயரத்தில், ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்தினால் பாட்டும் தெளிவாகக் கேட்கும், சத்தமும் பரவாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியே கூடாது. ஃபோகஸ் விளக்கு எதுவும் தண்ணீரைப் பார்க்க வேண்டாம்.

---

மூலக்கடை_வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பந்தல், பரிசல், மீன், விளக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறோம். 500 கன்றுதான் சிக்கல். கன்றுகளுக்குச் சொல்லியாகிவிட்டது. கரையின் இரு பக்கமும் வரிசையாக நடலாம் என்று இருக்கிறார்கள். வேம்பு, புங்கன், நாவல், கொஞ்சம் பனை.

---

வேலங்காடு

கரைமேலும் சரிவிலும் பெரிய மரம் வைக்கக் கூடாது. மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருப்பது உண்மைதான். அது பட்டுப்போனாலோ புயலில் சாய்ந்தாலோ வேர் மக்கி உள்ளே குழாய் மாதிரி வழி விட்டுவிடும். நீர்மட்டம் ஏறும்போது கரைக்குள் தண்ணீர் ஓடுவது அப்படித்தான். வர்தா மாதிரி ஒரு காற்றில் மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டுதான் விழும். மரத்துக்கு இடம் கரையின் வெளிச்சரிவு முடிந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. மதகு, கலங்கல் பக்கம் இன்னும் தள்ளி.

அடுத்தது பருவம். தை முடிந்து நட்டால் அடுத்த மழைக்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை 10 லிட்டர் வைத்தால் 500 கன்றுக்கு வாரம் 10,000 லிட்டர். யார் ஊற்றுவது, எந்த வண்டியில் என்று பெயர் எழுதாமல் நட்டால் சித்திரையில் குச்சிதான் மிஞ்சும். சொல்லிவைத்த கன்றில் 50 மட்டும் இப்போது எடுத்து, கன்றுக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொடுங்கள். மிச்சம் 450-ஐ நாற்றங்காலிலேயே பெரிய பைக்கு மாற்றி வளர்க்கச் சொல்லி ஐப்பசி முதல் மழையில் நடுங்கள். குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். இடைவெளி 12 அடி. பக்கவேலி கட்டாயம், இந்தப் பக்கம் மாடுகள் திறந்துதான் திரிகின்றன. இடம் வெளியே 500-க்குப் போதாது என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், கரைக்குள் தள்ளாதீர்கள். பனை விதைக்க ஆவணி, புரட்டாசிதான் காலம், கொட்டை அப்போதுதான் கிடைக்கும்.

நட்டே ஆக வேண்டும் என்று வருகிற கூட்டத்துக்கு வெட்டிவேர் கொடுங்கள். உள்சரிவில், இப்போதைய நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, கிடைமட்டமாக ஒரே வரிசை. 15 சென்டிமீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று தூர். 100 மீட்டர் வரிசைக்கு 2,000 தூர் வேண்டும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை இரண்டு அங்குலத்தில் நறுக்கி நடணும். தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் மூன்று வாரம் குவளையால் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். வேர் நேரே கீழே இறங்கும், பரவாது, மண் அரிப்பை அது தடுப்பதுபோல் மரம் தடுக்காது. 100 பேர் வரிசையாக உட்கார்ந்து நட்டால் ஒரு காலைப்பொழுதில் முடியும்.

ஆகாயத்தாமரை மறுபடி தலைகாட்டியிருந்தால் அதையும் ஒரு வேலையாக வைக்கலாம். பிடுங்கிக் கரையோரம் போட்டுவிட்டுப் போவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தப்பு, ஒரு மழையில் திரும்ப உள்ளே போய்விடும். கரை தாண்டி வெளியே கொண்டுபோய்க் காயவிடுங்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். பூ வரும் முன் எடுக்க வேண்டும், விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். மக்கவைத்து உரமாக்கினால் மரங்களுக்கு மட்டும் போடுங்கள். இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் கன உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மணலித் தொழிற்பேட்டை பக்கத்துத் தண்ணீர் என்றால் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

---

நீர்ச்சோதனை

ஓவியப் போட்டியை விட்டுவிடாதீர்கள். அதோடு ஒரு தண்ணீர் மேசை போடுங்கள். கூட்டம் கலையாமல் நிற்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கரைந்த உயிர்வளிதான் முதல் சோதனை. விங்க்ளர் முறைப் பெட்டி எந்தக் கல்லூரி வேதியியல் துறையிலும் இருக்கும். 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து இரண்டு மருந்து விட்டதும், உயிர்வளி இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். எண் தெரியாதவருக்கும் நிறம் புரியும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். குளிக்கத் தகுந்தது என்று சொல்ல 5 வேண்டும். மருந்துகளை ஆசிரியர்தான் கையாள வேண்டும், கையுறையோடு. சோதித்து முடித்த நீரை ஒரு கேனில் சேர்த்து ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்புங்கள், ஏரியில் ஊற்ற வேண்டாம்.

நேரம்தான் இதில் எல்லாம். இரவு முழுக்கப் பாசியும் மூச்சுவிடுவதால் விடியலில் உயிர்வளி மிகக் குறைவாகவும் பிற்பகலில் மிக அதிகமாகவும் இருக்கும். காலை 6 மணிக்கு ஒரு புட்டி, 2 மணிக்கு ஒரு புட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்குவது ஏறத்தாழ 8 மில்லிகிராம். பிற்பகலில் 13, 14 என்று வந்தால் கைதட்ட வேண்டாம். சாக்கடைச் சத்தைத் தின்று பாசி பெருத்திருக்கிறது என்று அர்த்தம், அதே ஏரி விடியலில் 2-க்கு இறங்கும். மூட்டமாக இரண்டு நாள் இருந்தால் மீன் செத்து மிதப்பது அதனால்தான். நிறைய அறிக்கைகளில் காலை 11 மணிக்கு எடுத்த ஒரே எண்ணைப் போட்டுத் தரம் நன்று என்று எழுதுகிறார்கள்.

இரண்டாவது, ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. மருந்துத் தாள் போட்ட சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கும். தை மாத இரவு குளிரும் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊற்றி, வீட்டுக்குள் சமையலறைப் பக்கம் வையுங்கள். ஞாயிறு காலை மேசைக்கு வந்துவிடும். வரத்துக் கால்வாய், ஏரி நடு, கலங்கல், வீட்டுக் கேன் தண்ணீர் என்று நான்கு குப்பி.

மூன்றாவது பூச்சித் தட்டு. டீ வடிகட்டியைக் குச்சியில் கட்டி ஓரச் சேற்றை அலசி வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அடியில் உயிர்வளி இல்லை. தட்டான் குஞ்சு, தண்ணீர் வண்டு, நத்தை என்று வகை கூடினால் நிலைமை தேறுகிறது. பார்த்த பிறகு திரும்ப விட்டுவிட வேண்டும். தண்ணீரில் கைவைக்கிற எல்லோருக்கும் சோப்பு, தொட்டி வையுங்கள். காலில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். முழங்கால் பூட்ஸ் பத்து ஜோடி இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் போடலாம்.

---

மதகடி

ஒரு திருத்தம். அந்தக் குப்பி எந்த ஏரித் தண்ணீரிலும் கறுக்கத்தான் செய்யும். கொக்கு எச்சம் ஒன்று போதும். அதை அப்படியே மேசையில் வைத்தால், இவ்வளவு செலவு செய்தும் சாக்கடைதானா என்று பேச்சு கிளம்பும், அடுத்த முறை யாரும் வேலைக்கு வரமாட்டார்கள்.

---

நீர்ச்சோதனை

சரியான கவலை. அதனால் கறுத்ததா இல்லையா என்று பார்க்காமல் எத்தனை மணி நேரத்தில் கறுத்தது என்று எழுதி வையுங்கள். ஆறு மணிக்கொரு தரம் பார்த்துக் குப்பியின் கழுத்தில் நேரத்தை ஒட்டுங்கள். கால்வாய்த் தண்ணீர் 12 மணியிலும் ஏரி நடு 36 மணியிலும் கறுத்தால், ஏரி தன் வேலையைச் செய்கிறது, கெடுதி வருகிற வழி கால்வாய் என்று மக்களே சொல்வார்கள். கேன் தண்ணீர்க் குப்பி கறுத்தால் அதையும் மறைக்காமல் வையுங்கள்.

---

கொசப்பூர்_பாதை

அந்தக் கால்வாயைத்தான் மக்களுக்குக் காட்ட வேண்டும். ஏரியைச் சுற்றி நடப்பதைவிட வரத்துக் கால்வாய் ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே நடப்பதுதான் இந்த விழாவில் செய்யத்தக்க உருப்படியான காரியம். கடைசி மழை நின்று பத்து நாள் ஆன பிறகும் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது மழைத்தண்ணீர் இல்லை. காலை 7-லிருந்து 9-க்குள் போங்கள், வீடுகளில் குளிப்பதும் துவைப்பதும் அப்போதுதான். நுரை எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 12 பேர் போதும். ஒருவர் படம், ஒருவர் குறிப்பு, பக்கத்து மின்கம்ப எண்ணோடு. மூடியைத் திறப்பதோ கால்வாயில் இறங்குவதோ கூடவே கூடாது, விஷவாயு இருக்கும். வீட்டுக்காரரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். நிறைய தெருக்களில் பாதாளச் சாக்கடை இணைப்பு வராததால்தான் மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள்.

பிறகு புகாரைப் பிரியுங்கள். மழைநீர் வடிகால், குப்பை என்றால் மாநகராட்சி 1913. கழிவுநீர்க் குழாய் உடைப்பு, இணைப்பு என்றால் குடிநீர் வாரியம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டு பக்கமும் தள்ளிவிடுவார்கள். ஓர் இடத்துக்கு ஒரு புகார், ஒரு புகார் எண்.

பந்தலில் எட்டடிக்கு நாலடி காடாத் துணியில் ஒரு வரைபடம் தொங்கட்டும், ஃபிளெக்ஸ் வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கலங்கல் தாண்டி எங்கே போகிறது என்பது மட்டும். புழல் ஏரியைத் திறந்தால் உபரிநீர் சாமியார்மடம், வடகரை, கிரான்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடல் சேருகிறது. அதையும் வரைந்து, உங்கள் மறுகால் எந்த இடத்தில் போய்ச் சேருகிறது என்று நடந்துபார்த்துக் குறியுங்கள். அடைப்பு அந்த இடத்தில் இருந்தால் ஏரியைத் தூர்வாரினாலும் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவரவர் வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று குண்டூசியில் காகிதம் குத்தி அந்த வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் 200 குறி விழுந்தால், அது எந்த அலுவலகத்திலும் இல்லாத ஆவணம்.

பக்கத்தில் ஒரு கணக்குப் பலகையும் வைக்கலாம். 30 ஏக்கரில் சராசரி 5 அடித் தண்ணீர் என்றால் 18.5 கோடி லிட்டர், 12,000 லிட்டர் லாரி 15,000-க்கும் மேல். ஏரியில் ஓரடி வண்டல் சேர்ந்தால் 13,000 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் 4,300 நடைக்கு மேல். வரத்துக் கால்வாய் வாயில் ஒரு வண்டல் தொட்டி கட்டி ஆண்டுக்கு ஒருமுறை வாரினால் அத்தனை நடை ஏன் மிச்சம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

---

பந்தி_பரிமாறி

சாப்பாடு சுருக்கமாக. 400 பேருக்கு சாம்பார் சாதத்துக்கு அரிசி 30 கிலோ, பருப்பு 10 கிலோ, தயிர் சாதத்துக்கு அரிசி 15 கிலோ. ஏரி ஓரத்தில் சமைக்காதீர்கள். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள மண்டபத்திலோ பள்ளியிலோ சமைத்துப் பாத்திரத்தையும் அங்கேயே கழுவுங்கள். கழுவிய எண்ணெய்த் தண்ணீர் கரையோரம் ஓடினால் தண்ணீர் மேசை போட்டதற்கே அர்த்தம் இல்லை. குடிக்க ஆளுக்கு ஒன்றரை லிட்டர், 20 லிட்டர் கேன் 30. எவர்சில்வர் டம்ளர் 200, கழுவ மூன்று தொட்டி, இரண்டு ஆள். தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் பிளாஸ்டிக் கொடியும் 2019 ஜனவரி 1 முதலே தடை. தோரணம் மாவிலையும் தென்னங்குருத்தும். தட்டு பாக்குமட்டை. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட விரும்புகிறவர்கள் வருவார்கள், வரட்டும். மந்தாரை இலையில்தான் பரிமாற வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

கழிப்பறை 8 வேண்டும். பெண்களுக்கு 5, ஆண்களுக்கு 3, அதில் ஒன்றாவது சாய்தளத்தோடு. நடமாடும் கழிப்பறையின் கழிவுநீர் லாரியில்தான் போக வேண்டும். ஓட்டுநரிடம் எங்கே கொட்டுவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குப்பைத் தொட்டி பச்சை, நீலம் ஜோடியாக, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும், ஆள் இல்லாத தொட்டியில் பத்தாவது நிமிடம் எல்லாம் கலந்துவிடும். இரண்டு நாளும் சாயங்காலம் வண்டி வரும் நேரத்தை மண்டல அலுவலகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு மூட்டை கிடந்தால் நாயும் மாடும் கிழித்துக் காலையில் தண்ணீரில் கிடக்கும்.

---

மூலக்கடை_வாசி

எல்லாவற்றையும் அச்செடுத்துக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். ஒன்று மட்டும். விழா முடிந்த பிறகு தொடர்ந்து செய்ய, செலவில்லாத, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை வேண்டும் என்று சங்கத்தில் கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?

---

மதகடி

நீர்மட்டம் எழுதுவது. மதகுச் சுவரில் மதகின் அடித்தளத்தைப் பூஜ்யமாக வைத்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, வெள்ளையில் கறுப்பு எண், கலங்கல் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. விழாவின் முதல் நாள் காலை அதை வரைந்து முதல் அளவை எழுதுங்கள். அதன்பின் ஞாயிறுதோறும் காலை 7 மணிக்கு ஒருவர் பார்த்து, தேநீர்க் கடைச் சுவரில் தொங்கும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். கைப்பேசிக் குழுவில் மட்டும் போட்டால் நாலு மாதத்தில் தொலைந்துவிடும்.

கோடையில் வெயிலுக்கே ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும், வாரத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர். கொஞ்சம் மண்ணிலும் இறங்கும். மூன்று, நான்கு வாரம் எழுதினால் உங்கள் ஏரியின் வழக்கமான இறக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் அது திடீரென்று இரட்டிப்பானால் முதலில் மதகுப் பலகையில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வெளிச்சரிவின் அடியில் புதிதாக ஈரமோ கோரையோ முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இரவில் லாரியில் தண்ணீர் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். மழையே இல்லாத வாரத்தில் மட்டம் இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, கால்வாயில் சாக்கடை வருகிறது. நோட்டோடு ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டி விடுங்கள், பேனா ஈரத்தில் எழுதாது.